பத்து சேர்ந்தால் ஒரு கட்டு

இலங்கை மலையகத்தில், பசறையிலிருந்து நமுனுகுலைக்கு ஏறும் பாதையோரத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், 1960களின் கடைசியில் நான் முதலாம் வகுப்பில் சேர்ந்தேன். தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம்தான் பாடசாலை. தடுப்புச் சுவர் கிடையாது. ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். காலையில் வந்தவுடன் தேவாரம், அது முடிந்ததும் வாய்ப்பாடு. ஐந்து வகுப்பும் சேர்ந்து ஓரிரண்டு இரண்டில் தொடங்கினால் மலைக்கு மேலே கொழுந்தெடுக்கும் அம்மாமாருக்கே கேட்கும். பதினாறாம் வாய்ப்பாடு வரை எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் "ஏழெட்டு எவ்வளவு?" என்று நடுவில் நிறுத்திக் கேட்டால் ஓரேழு ஏழிலிருந்து மறுபடி ஓதிக்கொண்டு வந்தால்தான் விடை வரும்.

அந்த வாத்தியாரைக் குறை சொல்ல மாட்டேன். இந்தியாவுக்கு எழுதும் கடிதம், பிறப்புப் பதிவு, பிரஜாவுரிமைப் பத்திரம் என்று தோட்டத்தின் எழுத்து வேலை முழுவதும் அவர் தலையில்தான் இருந்தது. அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். தோட்டத்துப் பிள்ளைகளில் ஆறு வயதிலிருந்து பத்து வயது வரையானவர்களுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்க வேண்டும் என்று 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டத் துரைமாருக்குக் கடமை விதித்தது. கடமை தாளில் இருந்தது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் எங்கள் பாடசாலைகள் அந்த ஓட்டத்துக்கு வெளியேதான் நின்றன. 1977க்குப் பிறகுதான் அரசாங்கம் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பேற்றது. இத்தனை காலமும் ஒரு மண்டபத்தையும் ஓர் ஆளையும் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை என்று சொன்னவர்கள் பலர்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கணித வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபு எழுதியதைப் பல வருடம் கழித்துப் படித்தேன். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று அங்கேயும் மனனம்தான். ஆனால் அந்த மனனத்துக்குப் பக்கத்திலேயே நெல்லும் நிலமும் மரக்காலும் படியும் இருந்தன. வாயில் ஓதியதைக் கையால் அளந்து பார்க்க ஊரில் இடம் இருந்தது. கடல் தாண்டி மலையேறி வந்தவர்கள் லயத்துப் பள்ளிக்கூடத்துக்கு அந்த ஓசையைக் கொண்டுவந்தார்கள். அளவைகள் தமிழ்நாட்டிலேயே தங்கிவிட்டன என்பது என் எண்ணம்.

அளவை எங்கள் தோட்டத்தில் இல்லாமல் போகவில்லை. அது தராசடியில் இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவின் நிறுவைக்கு ஓடுவேன். காலை, பகல், மாலை என்று மூன்று நிறுவை. அப்போதெல்லாம் இறாத்தல் கணக்கு. கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்வார். கூடைக்கும் தண்ணிக்கும் கழித்துக்கொண்டு இன்னோர் எண்ணை எழுதுவார். அம்மா ஒருநாளும் பள்ளிக்கூடம் போகாதவர். கைநாட்டுத்தான். ஆனால் மூன்று நிறுவையும் அவர் தலையில் நிற்கும். பதினேழு, பதினஞ்சு, பன்னெண்டு என்றால், "மூணு பத்து முப்பது. ஏழும் அஞ்சும் பன்னெண்டு, ரெண்டு பதினாலு. நாப்பத்தி நாலு" என்று நடந்துகொண்டே சொல்லிவிடுவார். ஒரு இறாத்தல் குறைந்தால், "ஐயா, பகலு நிறுவைய இன்னொருக்கா பாருங்க" என்று கேட்பார். கணக்கு சரியாக இல்லாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டுச் சோறு இருந்தது.

அம்மா பத்துகளை முதலில் சேர்த்தார், ஒன்றுகளைப் பிறகு சேர்த்தார். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வலப்பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னார்கள். ஒன்றைக் கொண்டுபோய் அடுத்த வரிசைக்கு மேலே போடச் சொன்னார்கள். அந்த ஒன்று உண்மையில் பத்து என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு வழியும் சரிதான். இரண்டும் ஒரே கணக்கு என்பது தெரியாமல் நான் ஐந்தாம் வகுப்பு வரை வந்தேன்.

1980களின் பிற்பகுதியில் ஆசிரியையாக எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு சின்னப் பாடசாலை. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் "நூற்றி இருபத்தைந்து எழுதுங்க" என்றேன். பாதிப் பேர் 10025 என்று எழுதியிருந்தார்கள். நூறையும் எழுதி, இருபத்தைந்தையும் எழுதி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். காதில் விழுந்ததை அப்படியே எழுதிய பிள்ளையை மக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடப்பெறுமானம் என்ற ஒன்றை அந்தப் பிள்ளை இன்னும் சந்திக்கவே இல்லை, அவ்வளவுதான்.

அதே வகுப்பில் ஒரு பையன். நாற்பத்து மூன்றிலிருந்து இருபத்தெட்டைக் கழிக்கச் சொன்னால் சிலேட்டில் 25 என்று எழுதினான். மூன்றிலிருந்து எட்டு போகாது. ஆகவே எட்டிலிருந்து மூன்றைக் கழித்துவிட்டான். உலகம் முழுக்கச் சிறு பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். நான் அவனிடம் கேட்டேன்: "தம்பி, நாப்பத்தி மூணு ரூவா கொண்டுபோயி இருவத்தெட்டு ரூவாய்க்கு சாமான் வாங்கினா மிச்சம் எவ்வளவு?" கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது: "பதினஞ்சு டீச்சர். இருவத்தெட்டுக்கு மேல ரெண்டு போட்டா முப்பது. அதுக்கு மேல பதிமூணு." சிலேட்டைக் காட்டினேன். இங்கே இருபத்தைந்து இருக்கிறதே, எது சரி? அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "ரெண்டும் சரி டீச்சர். அது கடைக் கணக்கு. இது பள்ளிக்கூடக் கணக்கு."

என் ஆசிரிய வாழ்க்கையில் யாரும் எனக்குச் சொன்ன மிகப் பெரிய வார்த்தை அதுதான். கடையில் ஓர் உண்மை, பள்ளிக்கூடத்தில் இன்னோர் உண்மை என்று ஒரு பிள்ளை நம்பினால், பள்ளிக்கூடத்துக் கணக்கில் அர்த்தம் தேடுவதை அவன் விட்டுவிட்டான் என்று பொருள். சொல்வதைச் செய்தால் போதும் என்று இருந்துவிடுவான். தரம் ஆறு, ஏழு வந்து அட்சரகணிதம் தொடங்கும்போது அந்தப் பிள்ளை எழுந்து போய்விடுவான். போனவர்களை நான் எண்ணி மாளாது.

பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில், சந்தையில் இளநீரும் பழமும் விற்ற பிள்ளைகளை வைத்து 1985இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஐந்தே பிள்ளைகள், சிறிய ஆய்வு. ஆனால் உலகம் முழுவதும் பேசப்பட்டது. விற்கும் இடத்தில் வாடிக்கையாளர்போல நின்று கேட்டபோது நூற்றுக்கு 98 கணக்கு சரி. அதே மாதிரிக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. நாற்பது வருடம் கழித்து, 2025இல், அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சேர்ந்த ஒரு குழு கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைப் பிள்ளைகளிடம் இதையே பெரிய அளவில் கண்டது. அவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகும் பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு தடுமாறியது. சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் நிற்கும் சுவருக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்தான். மடுல்சீமைப் பையன் இதை ஒரே வரியில் சொல்லியிருந்தான்.

அந்தச் சுவரில் ஒருவர் கதவு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஹாலிஎலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் முதலாம், இரண்டாம் ஆண்டு எடுத்த ஒரு மூத்த ஆசிரியை. பயிற்சிக் கலாசாலைக்குப் போய் வந்தவர். பெரிய பேச்சு இல்லாதவர். அவர் வகுப்பில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்துத்தான் நான் கணிதம் கற்பிக்கக் கற்றேன்.

கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து பிள்ளைகள் மிலாறுக் குச்சி பொறுக்கிக்கொண்டு வருவார்கள். காய்ந்ததும் டீச்சர் அதை ஒரே நீளத்துக்கு நறுக்கிக் கொடுப்பார். அவர் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்: யார் கையிலும் பத்துக் குச்சி உதிரியாக இருக்கக் கூடாது. பத்து சேர்ந்ததும் வாழை நாரால் கட்டிவிட வேண்டும். பத்துக் கட்டு சேர்ந்தால் அதைப் பெரிய கட்டாகக் கட்ட வேண்டும். பிள்ளைகள் காயை உருட்டி விளையாடுவார்கள், விழுந்த எண்ணுக்குக் குச்சி எடுப்பார்கள், கட்டுவார்கள். வாரக் கணக்கில் இதுதான் நடக்கும். புத்தகத்தில் ஓர் எண்கூட எழுதவில்லை. இருபதுக்குள்ளேயே கிட்டத்தட்ட ஒரு தவணையைக் கழித்தார்.

ஒருநாள் வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்தவர் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், ஒண்ணும் எழுதல்லையே?" என்றார். டீச்சர் ஒரு பெண்பிள்ளையைக் கூப்பிட்டார். "மகள், முப்பத்திரெண்டு எடுங்க. அதுல பதினஞ்ச சேருக்குக் குடுங்க." பிள்ளை மூன்று கட்டும் இரண்டு உதிரியும் எடுத்தாள். ஒரு கட்டைக் கொடுத்தாள். உதிரியில் ஐந்து இல்லை. யாரையும் பார்க்கவில்லை, ஒரு கட்டை எடுத்து நாரை அவிழ்த்தாள். பன்னிரண்டு உதிரி ஆயிற்று. ஐந்தைக் கொடுத்தாள். "பதினேழு இருக்கு டீச்சர்." முதலாம் ஆண்டுப் பிள்ளை, வருடக் கடைசி. வந்தவர் கொப்பியை மூடி வைத்துவிட்டு இன்னும் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பார்த்தார்.

கடன் வாங்குவது என்ற பேச்சு அந்த வகுப்பில் இல்லை. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. பிள்ளை தன் கட்டைத் தானே அவிழ்க்கிறது. பிள்ளைகள் பிறகு எழுதத் தொடங்கியபோது, கட்டுகளுக்கு ஓர் இடம், உதிரிக்கு ஓர் இடம் என்று தாங்களே வைத்தார்கள். பத்தினிடம், ஒன்றினிடம் என்ற பெயர்களை டீச்சர் அதற்குப் பிறகுதான் சொன்னார். அவரிடம் படித்த பிள்ளைகள் மூன்றாம் ஆண்டுக்கு வந்தபோது 10025 என்று எழுதவில்லை.

அவரிடம் நான் கற்ற இன்னொன்று ஒரு கேள்வி. பிள்ளை சரியான விடை சொன்னாலும் பிழையான விடை சொன்னாலும் அவர் முகம் மாறாமல் "எப்படி வந்துச்சு?" என்று கேட்பார். நம்மில் பலர் பிழையான விடைக்கு மட்டும்தான் அதைக் கேட்போம். ஆகவே "எப்படி" என்றாலே பிள்ளை விடையை அழித்துவிடும். சரிக்கும் கேட்டுப் பழக்கினால் பயம் போய்விடும். ஒருவன் விரல் விட்டு எண்ணியதையும், ஒருத்தி பத்தாக்கிக் கூட்டியதையும் மற்றப் பிள்ளைகள் கேட்பார்கள். வழி பல என்று தெரிந்துகொள்ளும் இடம் அதுதான்.

1998இல் கம்பஹாவில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999இல் நாடு முழுவதும் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் வந்தது. தரம் ஒன்றும் இரண்டும் முதன்மை நிலை ஒன்று. அங்கே விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம், எழுத்து வேலை குறைவு. தரம் ஐந்துக்குப் போகப் போக எழுத்து வேலை கூடும். சீர்திருத்தத்தை எதிர்த்தவர்கள் நிறையப் பேர். நான் வரவேற்றேன். ஹாலிஎலை டீச்சர் பல வருடமாகச் செய்ததற்கு நாடே சட்டம் போட்டதுபோல் இருந்தது எனக்கு. ஆனால் வழிகாட்டி நூல் கைக்கு வந்த அளவுக்குப் பயிற்சி கைக்கு வரவில்லை. பல வகுப்பறைகளில் விளையாட்டு வெறும் விளையாட்டாகவே நின்றுவிட்டது; அதிலிருந்து கணக்கை எடுத்துக்காட்ட ஆசிரியருக்குத் தெரியவில்லை. கட்டுவது ஒரு பாதி வேலை. "இப்ப எத்தன கட்டு, எத்தன உதிரி?" என்று கேட்பது மறுபாதி.

பெற்றோரும் கோபப்பட்டார்கள். "வெளையாடத்தான் அனுப்புறமா டீச்சர்? வீட்டுல வெளையாடட்டுமே" என்று ஒரு தாய் என்னிடம் நேராகவே கேட்டார். நான் அப்போது பண்டாரவளைப் பக்கத்தில் இருந்தேன். ஒரு போயா தினத்தில், மலைக்கு வேலை இல்லாத நாள் பார்த்து, தாய்மாரை வகுப்பறைக்குக் கூப்பிட்டோம். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மூன்று நிறுவையைப் பலகையில் எழுதி, "அம்மாமார் இத எப்படிக் கூட்டுவீங்க?" என்றேன். முதலில் வெட்கப்பட்டார்கள். படிக்காதவங்க நாங்க என்றார்கள். பிறகு ஒருவர் சொல்லத் தொடங்கினார். என் அம்மாவைப் போலவே பத்துகளை முதலில் எடுத்தார். இன்னொருவர் பதினெட்டை இருபதாக்கிவிட்டுக் கடைசியில் இரண்டைக் கழித்தார். அதைக் குச்சிக் கட்டால் செய்து காட்டச் சொன்னபோது அவருடைய மகள் முந்திக்கொண்டு செய்தாள். கோபமாகக் கேட்ட அந்தத் தாய், "இதத்தானே டீச்சர் நாங்க தராசுல செய்றோம்" என்றார். தங்கள் அம்மாமாருக்குக் கணிதம் தெரியும் என்று அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் வைத்துக் கண்டது அன்றைக்குத்தான். வாத்தியாருக்கு மட்டும் சொந்தமான ஒன்றாகக் கணக்கு அதற்குப் பிறகு அந்த வகுப்பில் இருக்கவில்லை.

லுணுகலைக்கு அப்பால், ஆசிரியர் தட்டுப்பாடுள்ள பாடசாலைகளில் நிலைமை வேறு. மூன்று, நான்கு, ஐந்து தரங்களுக்கு ஒருவரே நிற்பார். ஒரு தரத்துக்குக் கற்பித்தால் மற்ற இரண்டும் சும்மா இருக்கும். இலங்கைத் தோட்டக் கல்வியின் வரலாற்றை எழுதிய அஞ்செலா லிட்டில் தொகுத்த, 2006இல் வெளிவந்த பல்தரக் கற்பித்தல் நூலில், மஞ்சுளா விதானபத்திரன இலங்கைக் கிராமப் பாடசாலைகளில் ஆரம்பக் கணிதப் பாடத்திட்டத்தைப் பல்தர வகுப்புக்கு ஏற்ப மாற்றியமைத்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். எங்களுக்குப் பலன் தந்ததும் அந்த வழிதான்: மூன்று பாடத்துக்குப் பதிலாக ஒரு பொருளை எடுப்பது. நிறுவை என்றால் எல்லோருக்கும் நிறுவை. தரம் மூன்று ஒரு நாள் கொழுந்தைக் கூட்டும். தரம் நான்கு ஒரு கிழமைக்குப் பார்க்கும். தரம் ஐந்து, ஒரு நாள் பேருக்கு வேண்டிய கிலோவுக்கு மேலே எடுத்ததைப் பிரித்து அதற்கு எவ்வளவு காசு என்று பார்க்கும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோது, தோட்ட நிர்வாகங்கள் கிலோவைக் கூட்டிக் கேட்கின்றன என்ற பேச்சு லயமெங்கும் இருந்தது. அப்போது தாயின் சம்பளத் துண்டைக் கொண்டுவந்து, சேமலாப நிதி, சந்தா, அட்வான்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்த பிள்ளைகள் இருந்தார்கள். இதைவிடப் பெரிய செயல்திட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நாம் செய்வது என்ன? பாடசாலையில் மிகத் திறமையான ஆசிரியர் யாரோ, அவர் தரம் ஐந்துக்குப் போகிறார், புலமைப்பரிசில் பரீட்சை இருப்பதால். நான் பார்த்த இடமெல்லாம் இதுதான் வழக்கம். பாஸான பிள்ளைகளின் படம் வாசலில் தொங்கும். தரம் ஒன்றில் பத்தைப் பத்தாகப் புரிந்துகொண்ட பிள்ளையின் படம் எங்கும் தொங்காது. தரம் ஒன்றுக்குப் புதிதாக வந்தவர் போவார். 2015ஐ ஒட்டி மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களாக இளைஞர் யுவதிகள் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்டார்கள். ஆரம்பத்தில் மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவு. பயிற்சி பிறகுதான். எங்கள் பிள்ளைகள்தான் அவர்கள். ஆர்வத்தில் குறை இல்லை. ஆனால் கற்பிப்பதில் மிகவும் கடினமான வகுப்பை மிகவும் புதியவரிடம் கொடுத்தோம். தரம் ஐந்தில் மாதிரி வினாத்தாள் செய்யவைப்பது ஒரு திறமை. ஆறு வயதுப் பிள்ளையின் தலைக்குள் பத்து என்ற ஒன்றைக் கட்டிக் கொடுப்பது அதைவிடப் பெரிய திறமை. கணிதத்தில் பிறகு வருவதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

அதிபர்மாரிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஜனவரிக்கு நேரசூசி போடும்போது உங்கள் பாடசாலையின் மிகச் சிறந்த ஆசிரியரைத் தரம் ஒன்றுக்கு அனுப்புங்கள். இரண்டு வருடமாவது அந்தப் பிள்ளைகளோடேயே விடுங்கள். முதல் தவணையில் கொப்பி வெறுமையாக இருந்தால் கேட்காதீர்கள். பிள்ளையைக் கூப்பிட்டு முப்பத்திரண்டில் பதினைந்தைக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். தாய்மாரே, மாலை நிறுவைக்குப் பிள்ளை உங்களோடு வந்தால் விரட்டாதீர்கள். மொத்தம் எத்தனை கிலோ என்று அதனிடமே கேளுங்கள். சரியாகச் சொன்னாலும், எப்படி வந்தது என்று கேளுங்கள்.